பிள்ளையை யார் பார்த்துக்கொள்வது?



இராமநாதபுரம் கடற்கரையின் வரலாற்றைச் சொல்லுங்கள் என்று கேட்டால், சொல்லத் தொடங்கும் இடம் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும். சேதுபதி மன்னர்கள், இராமேசுவரம் கோயிலின் நெடிய திருச்சுற்றுகள், மன்னார் வளைகுடாவின் முத்துக் குளிப்பு, 1914-ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற பாம்பன் பாலம், 1964-ஆம் ஆண்டு டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயல் ஆகியவற்றை நாம் பாடமாகப் படித்திருக்கிறோம். இன்று நான் பேச எடுத்துக்கொண்டது அவ்வரிசையில் இடம்பெறாத ஒரு வேலை. பிள்ளைக்குப் பாலூட்டித் தூங்கச் செய்வது, நோயாளியின் அருகில் இருப்பது, முதியவரைக் கைப்பிடித்து அழைத்துப் போவது, தண்ணீர் சுமப்பது, உலை வைப்பது ஆகியவற்றையெல்லாம் சேர்த்து இன்று ‘பராமரிப்புப் பணி’ என்று நூல்களில் எழுதுகிறார்கள். எங்கள் ஊர்ப் பேச்சில் அதற்கு இன்னும் எளிய சொல் உண்டு. ‘பார்த்துக்கொள்வது’ என்போம்.

என் அன்னையார் பாம்பனை அடுத்த கடலில் பாசி எடுத்து வந்தவர். விடியுமுன் வள்ளத்தில் ஏறிப் போவார். வெயில் ஏறிய பிறகு திரும்புவார். அந்த நேரத்தில் என்னைப் பார்த்துக்கொண்டவர் என் தமக்கையார். அவருக்கு அப்போது பத்து வயது. நான் நடை பழகும் வரையில் உலகத்தை அக்காவின் இடது இடுப்பின் உயரத்திலிருந்தே கண்டேன் என்று சொல்லலாம். ஒரு குடும்பத்துச் செய்தி எப்படி வரலாறு ஆகும் என்று நீங்கள் கேட்கலாம். ஒரு கடற்கரை முழுவதிலும், ஒரு நூற்றாண்டுக்கு மேலாக, வீடுதோறும் நடந்த ஒன்று வரலாறு ஆகாவிட்டால் வேறு எது ஆகும்?

பழைய ஏற்பாடுகள் சிலவற்றை முதலில் கூற வேண்டும். கடலோடிகளின் ஊரில் ஆடவர் பல நாள், சில வேளைகளில் பல மாதம், வீட்டில் இருப்பதில்லை. ஆகவே பெண்டிர் ஒருவரை ஒருவர் சார்ந்து வாழ ஏற்பாடு செய்துகொண்டனர். கீழக்கரையிலும் தெற்கே காயல்பட்டினத்திலும் மரக்காயர் குடும்பங்கள் பலவற்றில், மணமான பெண் தாய்வீட்டையும் தாய்த்தெருவையும் விட்டுப் போவதில்லை; மணமகன்தான் பெண்வீட்டுக்கு வருவான். கடல் வாணிகத்துக்குச் சென்ற கணவன் திரும்பும் வரையில் தாயும் தமக்கையும் தங்கையும் அருகருகே இருந்து ஒருத்தியின் பிள்ளையை மற்றொருத்தி வளர்த்தாள். இந்த வழக்கத்தின் தோற்றத்தைப் பற்றி அறிஞர்கள் பலவாறு கூறுவர். அது பார்த்துக்கொள்ளும் வேலையைப் பலர் தோளில் பரப்பி வைத்த ஏற்பாடு என்பதே எனக்கு முதன்மையாகத் தோன்றுகிறது. ஆயினும் அந்தத் தோள்கள் அனைத்தும் பெண்களின் தோள்களே.

இனி நாம் கடலைக் கடந்து இலங்கைக்குப் போக வேண்டும். ஏனெனில் ‘பிள்ளையை யார் பார்த்துக்கொள்வது’ என்ற கேள்வி எங்கள் கரையோடு தொடர்புடைய ஒரு முதலாளியிடம் முதன்முதலாக வந்து நின்றது அங்கேதான்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆங்கிலேயர் இலங்கை மலைநாட்டில் காப்பித் தோட்டங்களை உண்டாக்கினர். காப்பிப் பழம் பறிக்க ஆண்டில் சில மாதங்களே மிகுதியான ஆள் வேண்டும். ஆகவே இராமநாதபுரம், மதுரை, புதுக்கோட்டை, திருச்சிராப்பள்ளி, சேலம் முதலிய பகுதிகளிலிருந்து பெரும்பாலும் ஆடவரே போயினர். பருவம் முடிந்ததும் திரும்பினர். இக்கரையில் படகேறி மன்னாரில் இறங்கி, அங்கிருந்து மாத்தளை வரை காட்டு வழியே நடந்தனர். காலராவுக்கும் காய்ச்சலுக்கும் வழியிலேயே மாண்டவர் பலர். அந்த வழிநடையைப் பற்றி எழுதியவர்கள் நடந்தவர்களைப் பற்றி எழுதினார்கள். நடக்காதவர்களைப் பற்றியும் எழுதியிருக்கலாம். கிழவரையும் பிள்ளைகளையும் ஆடுமாட்டையும் ஊரில் பார்த்துக்கொள்ளப் பெண்கள் இருந்தபடியால்தான், தோட்டக்காரன் அந்த ஆடவனுக்கு மட்டும் கூலி கொடுத்தால் போதும் என்றாயிற்று. ஒரு தொழிலாளியைப் பெற்று வளர்த்து ஆளாக்கிய செலவும், அவன் நோயுற்றுத் திரும்பியபோது கஞ்சி காய்ச்சிய செலவும் தமிழ்நாட்டுச் சிற்றூரின் கணக்கில் ஏறின. காப்பியின் ஆதாயம் வேறொரு கணக்கில் ஏறியது.

1869-ஆம் ஆண்டு முதல் பரவிய இலைநோய் காப்பியை அழித்தது. அதற்குச் சற்று முன்னர், 1867-இல், ஜேம்ஸ் டெய்லர் என்பவர் பயிரிடத் தொடங்கியிருந்த தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. காப்பி வேறு, தேயிலை வேறு. தேயிலையின் கொழுந்து ஆண்டு முழுவதும் துளிர்க்கும். உரிய நாளில் கிள்ளாவிட்டால் முற்றிவிடும். கொழுந்து கிள்ளும் வேலை பெண்களுக்கு என்று ஆயிற்று. ஆகவே பெண்களும் பிள்ளைகளும் குடும்பம் குடும்பமாகக் கங்காணிகளின் பின்னே கடல் கடந்தனர். 1914-இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் வழி இருப்புப்பாதையோடு இணைந்த பிறகு, மண்டபம் முகாம் அவர்களுக்கு வாயிலாயிற்று. இலங்கை அரசாங்கம் இந்திய மண்ணில் நடத்திய முகாம் அது. தோட்டத்துக்குப் போகிறவர்கள் சில நாள் அங்கே தங்கவைக்கப்பட்டார்கள்; மருத்துவச் சோதனை நடந்தது; அம்மை குத்தப்பட்டது. 1901-இல் புகுத்தப்பட்ட முறைப்படி தோட்டத்தின் எண்ணும் ஆளின் எண்ணும் பொறித்த தகர வில்லைகள் அவர்களுக்கு அடையாளமாயின. எங்கள் பக்கத்து முதியவர்கள் அந்த இடத்தைக் ‘கேம்பு’ என்று மட்டுமே சொல்வார்கள். மண்டபம் என்ற பெயரோடு அச்சொல் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

பெண் வேலைக்குப் போய்விட்டாள். பிள்ளை? ஊரில் என்றால் பாட்டி இருப்பாள், அத்தை இருப்பாள். தோட்டத்து லயத்தில், பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையில், யார் இருப்பார்? முதலில் பிள்ளையை முதுகில் கட்டிக்கொண்டும், மலைச் சரிவில் மரக்கிளையில் தூளி கட்டியும் கொழுந்து கிள்ளினார்கள். பிள்ளை அழுதால் கை நிற்கும். கை நின்றால் கூடை நிறையாது. இதைத் துரைமார்கள் விரைவிலேயே கண்டுகொண்டார்கள். தோட்டங்களில் ‘பிள்ளைக்காம்பரா’ என்னும் கூடம் தோன்றியது. காலைப் பெரட்டு முடிந்து மலைக்கு ஏறும் தாய், பிள்ளையை அங்கே விட்டுச் செல்வாள்; வயதான ஒரு பெண் ஆயாவாக இருந்து பார்த்துக்கொள்வாள்; தாய் இடையில் இறங்கி வந்து பாலூட்டிப் போவாள். அன்று தமிழ்நாட்டு வயல்களில் கூலி வேலை செய்த எந்தத் தாய்க்கும் அப்படி ஒரு கூடம் இருந்ததில்லை. இது அருளால் வந்தது என்று நான் சொல்லமாட்டேன். ஆளை வீட்டிலிருந்து பெயர்த்துக் கொண்டுபோன முதலாளி, வீடு செய்து வந்த வேலையின் விலையை முதன்முறையாக உணர்ந்தான். அதில் ஒரு சிறு பங்கைத் தானே ஏற்றான். 1939-இல் இலங்கையில் மகப்பேற்று உதவிச் சட்டமும் வந்தது.

ஆனால் பங்கீடு அங்கேயே நின்றுபோயிற்று. 1927-ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின்கீழ் மலைநாட்டுத் தோட்டத்தில் ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம் என்று விதித்தார்கள். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்பது 1984-இல்தான் வந்தது. மேலும் ஒன்று. கவ்வாத்து வெட்டுவது, முள்ளுக் குத்துவது போன்ற ஆடவர் வேலைகள் நண்பகலுக்குச் சிறிது பின்னர் முடிந்துவிடும். கொழுந்து எடுக்கும் பெண்ணோ மாலை நிறுவை முடியும் வரை நிற்க வேண்டும். நிறுவை முடித்துப் பிள்ளைக்காம்பராவிலிருந்து பிள்ளையை இடுக்கிக்கொண்டு லயத்துக்கு வரும் பெண்ணுக்காக அடுப்பு காத்திருந்தது. பல மணி நேரம் முன்பே வீடு திரும்பியிருந்த கணவனும் காத்திருந்தான். முதலாளி ஏற்ற சிறு பங்கைக்கூடக் கணவன் ஏற்கவில்லை என்பதை நாம் மறைத்துப் பேச வேண்டியதில்லை.

1939-இல் இந்திய அரசாங்கம் கூலித் தொழிலாளர் இலங்கை செல்வதைத் தடைசெய்தது. 1964 அக்டோபரில் சிறீமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. பின்னர் எத்தனையோ ஆயிரம் குடும்பங்கள் தலைமன்னாரிலிருந்து கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கி மண்டபம் வழியே திரும்பி வந்தன. அவர்களுள் பலருக்கு இந்த மண் தாத்தாவின் ஊர் என்ற சொல் மட்டுமே. கடனட்டையும் தகரப் பெட்டியுமாக வந்த அப்பெண்கள் பிள்ளைக்காம்பராவை அக்கரையில் விட்டு வந்தார்கள். நீலகிரியில் தேயிலைத் தோட்டங்களில் குடியமர்த்தப்பட்டோருக்கு 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் குழந்தைக் காப்பகத்தை உறுதி சொல்லியிருந்தது. பிற இடங்களுக்குச் சென்றோருக்கு அதுவும் இல்லை.

சட்டம் என்று சொன்னேன். அந்தச் சட்டங்கள் எப்படி வந்தன என்பதையும் சிறிது பார்ப்போம். உலகத் தொழிலாளர் அமைப்பு தோன்றிய 1919-ஆம் ஆண்டிலேயே மகப்பேற்றுப் பாதுகாப்புக்கு ஓர் உடன்படிக்கை செய்தது. நம் நாட்டில் பம்பாய் மாகாணம் 1929-இல் மகப்பேற்று உதவிச் சட்டத்தை இயற்றியது. சென்னை மாகாணச் சட்டம் 1934-ஆம் ஆண்டினது. பம்பாய்ச் சட்டமன்றத்தில் 1928-இல் இம்மசோதா வந்தபோது அதை ஆதரித்துப் பேசியவர்களுள் டாக்டர் அம்பேத்கர் ஒருவர். தாய்க்கு ஓய்வு கொடுப்பது நாட்டின் நலன். ஆகவே செலவில் பெரும்பகுதியை அரசாங்கம் ஏற்பதே முறை. எனினும் அவளுடைய உழைப்பால் ஆதாயம் பெறும் முதலாளியும் முற்றிலும் விலகி நிற்க முடியாது என்பது அவர் வாதத்தின் சாரம். இன்று நாம் பேசும் பங்கீட்டுக் கேள்வி அன்றே அச்சபையில் எழுந்துவிட்டது. தந்தையின் பங்கு பற்றிய கேள்விதான் எழவில்லை.

விடுதலைக்குப் பின் 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், ஐம்பது பெண்களுக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்றது. 1976-இல் அந்த எண் முப்பதாகக் குறைக்கப்பட்டது. 1961-ஆம் ஆண்டின் மகப்பேற்று உதவிச் சட்டம் 2017-இல் திருத்தப்பட்டபோது விடுப்பு 26 வாரமாக உயர்ந்தது. ஐம்பது பேர் வேலை செய்யும் நிறுவனத்தில் காப்பகம் கட்டாயமாயிற்று. 2020-இல் இயற்றப்பட்ட சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டமும் அந்த ஐம்பதையே வைத்துக்கொண்டது. எல்லாம் நல்லதே. ஆனால் அந்த ஐம்பது பேரை எண்ணுவதற்கு ஒரு சுவர் வேண்டும். சுவருக்கு ஒரு வாயில் வேண்டும். வாயிலில் ஒரு பெயர்ப்பலகை வேண்டும். எங்கள் கடலுக்குச் சுவர் இல்லை.

மன்னார் வளைகுடாவில் வாணிகத்துக்காகப் பாசி எடுக்கும் தொழில் 1960-களின் நடுவில் பெருகியது. மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப் பாசியும் அகார் என்னும் கூழ்ப்பொருளுக்காக மதுரைப் பக்கத்து ஆலைகளுக்குப் போகும். கட்டக்கோரையும் பக்கோடாப் பாசியும் அல்ஜினேட் எடுக்க உதவும். நீங்கள் உண்ணும் பனிக்கூழிலும், ஆய்வுக்கூடத்தில் நுண்ணுயிர் வளர்க்கும் தட்டிலும், துணிக்குச் சாயம் ஏற்றும் பசையிலும் இவற்றின் சாறு இருக்கிறது. இதை எடுப்பவர்கள் பாம்பன், சின்னப்பாலம், ஓலைக்குடா, மங்காடு முதலிய ஊர்களின் பெண்கள். கண்ணுக்குக் கண்ணாடி, விரல்களில் பாறை கிழிக்காதிருக்கச் சுற்றிய துணி, காலில் செருப்பு, இடுப்பில் வலைப்பை. மூச்சை அடக்கிக் கீழே போய்ப் பாறையில் பற்றியிருக்கும் பாசியைக் கிள்ளி மேலே வருவார்கள், மறுபடியும் போவார்கள். இவ்வாறு பல மணி நேரம். 1986-இல் இருபத்தொரு தீவுகளும் சூழ்ந்த கடலும் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டதன் பின், தீவருகே தொழில் செய்வதற்குத் தடையும் வழக்கும் வந்தன. இளம் பாசியை விட்டுவைப்பதற்கென்று இப்பெண்களே தமக்குள் கட்டுப்பாடுகள் செய்துகொண்டார்கள். அவர்களுள் ஒருவரான சின்னப்பாலம் இலட்சுமி அவர்களுக்கு 2015-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் சீகாலஜி பரிசு வழங்கப்பெற்றது.

இவர்களுடைய வேலை நேரத்தைப் பற்றிச் சற்று நின்று சொல்ல வேண்டும். அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய நாட்களில் கடல் நீர் நன்றாக வற்றும். பாறை கைக்கு எட்டும். அந்த நாட்களே தொழில் நாட்கள். நீர் வற்றும் வேளையோ ஒரு நாளைப் போல மறுநாள் இராது. நாளொன்றுக்கு ஏறத்தாழ 50 நிமிடம் பிந்திக்கொண்டே போகும். கடலுக்கு அதுதான் கடிகாரம். பள்ளிக்கும் அங்கன்வாடிக்கும் வேறு கடிகாரம். அங்கன்வாடி திறக்கும்போது தாய் கடலில் இருப்பாள். சில நாட்களில் தாய் திரும்பும்போது அங்கன்வாடி பூட்டியிருக்கும். இவ்விரண்டு கடிகாரங்களுக்கும் நடுவிலுள்ள இடைவெளியை வீட்டில் யாரோ ஒருவர் நிரப்ப வேண்டும். நிரப்பியவர் பெரும்பாலும் அந்த வீட்டின் மூத்த பெண் குழந்தை.

இப்பெண்களுக்கு முதலாளி யார்? கரையில் எடைபோட்டு வாங்கும் வியாபாரி, முன்பணம் கொடுத்தவர், ஆலைக்காரர், ஆலையிலிருந்து வாங்கும் பெருநிறுவனம் என்று கேள்வி நகர்ந்துகொண்டே போகும். யாரும் ‘நான்’ என்று சொல்லமாட்டார்கள். இதற்கு வழியே இல்லை என்று நான் எண்ணவில்லை. பீடித் தொழிலில் 1976-இல் ஒரு நலத் தீர்வை விதித்தார்கள். யாருடைய வீட்டுத் திண்ணையில் பீடி சுற்றப்பட்டாலும், விற்ற பீடியின் கணக்கில் சிறு தொகை நல நிதிக்குப் போயிற்று. தொழிலாளியைக் கண்டுபிடிக்க முடியாவிட்டாலும் சரக்கைக் கண்டுபிடிக்க முடியும் என்பதே அதன் நுட்பம். 2017-இல் சரக்கு சேவை வரி வந்தபோது அத்தீர்வை நீங்கிவிட்டது. கிலோவுக்கு இவ்வளவு என்று பாசிக்கும் ஒன்றை விதித்து, கடலின் கடிகாரப்படி திறக்கும் ஒரு பிள்ளைக்காம்பராவை ஒவ்வொரு கரையிலும் நடத்தினால் என்ன என்று நான் பலமுறை எண்ணியதுண்டு.

அரசாங்கம் தன் பங்கைச் செய்யவில்லை என்று சொல்வது நன்றியற்ற பேச்சாகும். 1920-இல் சென்னை மாநகராட்சி ஒரு பள்ளியில் தொடங்கிய மதிய உணவும், 1956-இல் காமராசர் ஆட்சியில் ஊர்தோறும் பரவிய உணவுத் திட்டமும், 1982-இல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவும், 2022-இல் தொடங்கிய காலை உணவும் பிள்ளையின் பசியைத் தீர்த்தன என்றே நாம் சொல்லி வருகிறோம். அவை தாயின் நேரத்தையும் மீட்டன. அதைவிட, மூத்த பெண்ணின் நேரத்தை மீட்டன. தம்பிக்குச் சோறு பள்ளியிலேயே கிடைக்கும் என்றால் அக்கா வீட்டில் இருந்து பொங்க வேண்டியதில்லை அல்லவா? அதுபோலவே குடிநீர். கடலோரத்து மணலில் ஊற்றுத் தோண்டி, சிரட்டையால் மொண்டு, குடம் நிரப்பி, சிறு தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளி வருவது இம்மாவட்டத்துப் பெண்களின் நாள் வேலை. காவிரி நீரைக் குழாய் வழியே இங்கே கொண்டுவந்த திட்டத்தைப் பொறியியல் சாதனை என்று புகழ்வர். ஒரு குழாய் திறந்தால் ஒரு பெண்ணுக்கு எத்தனை மணி நேரம் மிஞ்சுகிறது என்று கணக்கிட்டுப் பார்த்தால் புகழ் இன்னும் கூடும். குழாய் வறண்ட நாளில் தள்ளுவண்டிகள் மீண்டும் தெருவுக்கு வந்துவிடுகின்றன என்பதையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

அரசாங்கம் ஏற்ற பங்கைச் செய்கிறவர்களும் பெண்களே. 1975 அக்டோபர் 2 அன்று 33 வட்டாரங்களில் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தில் பணிபுரியும் அங்கன்வாடிப் பணியாளருக்கு மத்திய அரசின் ஏட்டில் கொடுக்கப்படுவதன் பெயர் ‘மதிப்பூதியம்’. தொண்டு என்று பெயரிட்டுக் கூலியைக் குறைப்பது பழைய வழக்கந்தானே! அவர்களுக்கும் பணிக்கொடை உண்டு என்று உச்சநீதிமன்றம் 2022-இல் தீர்ப்பளித்தது. அதே நீதிமன்றம் 2010-இல் ஒரு விபத்து வழக்கில், மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இல்லத்தரசிகளைப் பிச்சைக்காரர், சிறைக்கைதி ஆகியோரோடு சேர்த்து, பொருள் ஈட்டாதோர் வரிசையில் வைத்ததைக் கண்டித்திருந்தது. சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி 2023 ஜூனில் அளித்த தீர்ப்பு எங்கள் மாவட்டத்துக்கு மிகவும் பொருந்துவது. கணவன் வெளிநாட்டில் பொருள் ஈட்டினான். மனைவி ஊரில் இருந்து குடும்பத்தையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டாள். அவள் வீட்டைப் பார்த்துக்கொண்டதால்தான் அவன் ஈட்ட முடிந்தது. ஆகவே அச்சொத்தில் அவளுக்குச் சமபங்கு உண்டு என்றது அத்தீர்ப்பு. வளைகுடா நாடுகளிலிருந்து வரும் பணத்தால் கட்டிய மாடிகள் நிறைந்த எங்கள் கடலோர ஊர்களில் அதை உரக்கப் படிக்க வேண்டும். அதே ஆண்டு செப்டம்பரில் தமிழ்நாட்டு அரசு ஒரு கோடிக்கு மேற்பட்ட மகளிர்க்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கத் தொடங்கியபோது அதற்கு ‘உதவி’ என்று பெயரிடாமல் ‘உரிமைத் தொகை’ என்று பெயரிட்டது. தொகை சிறிது. சொல் பெரிது.

இனி ஆடவர் பங்குக்கு வருகிறேன். இதைக் கடைசியில் வைத்தது நானும் ஓர் ஆடவன் என்பதனால் இருக்கலாம்.

கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. மீன் இனம் பெருக வேண்டும் என்பதற்காக விதித்த தடை அது. அந்த நாட்களில் ஆடவர் கரையில் இருப்பார்கள். வலை பின்னுவார்கள், படகு பழுதுபார்ப்பார்கள், மரநிழலில் அமர்ந்து பேசுவார்கள். பெண்கள் வழக்கம்போலப் பாசிக்கும் கருவாட்டுக்கும் தண்ணீருக்கும் போவார்கள். அடுப்படியில் ஆள் மாறியதை நான் அரிதாகவே கண்டிருக்கிறேன். ஆடவருக்குச் சமைக்கத் தெரியாது என்று யாரேனும் சொன்னால் நம்பாதீர்கள். இராமேசுவரத்திலிருந்து புறப்படும் விசைப்படகில் இரவு சோறு வடிப்பதும் மீன் குழம்பு வைப்பதும் ஆடவரே. அந்தக் குழம்பின் சுவையை வீட்டுக் குழம்பு எட்டாது என்று அவர்களே பெருமையும் பேசுவார்கள். துபாயிலும் தம்மாமிலும் பத்துப் பேர் தங்கும் அறையில் முறை வைத்துச் சமைப்பதும் பாத்திரம் துலக்குவதும், காய்ச்சல் கண்ட தோழனுக்குக் கஞ்சி கொடுப்பதும் எங்கள் ஊர் இளைஞர்கள்தாம். கைக்குத் தெரிந்த வேலை வீட்டு வாசற்படி ஏறியதும் மறந்துபோகிறது. இந்த மறதிக்குக் காரணம் கடலிலும் இல்லை, பாலைவனத்திலும் இல்லை.

இந்திய அரசின் புள்ளியியல் துறை 2019-இலும் 2024-இலும் மக்களின் நாள் பொழுதை அளந்தது. சம்பளமில்லா வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண் ஒரு நாளில் 2019-இல் 299 நிமிடம் செலவிட்டாள். 2024-இல் 289 நிமிடம். ஈடுபட்ட ஆண் 97 நிமிடம்; பிறகு 88 நிமிடம். பெண்ணுக்குப் பத்து நிமிடம் குறைந்தது நல்லதே. அந்தப் பத்து நிமிடத்தை ஆண் எடுத்துக்கொள்ளவில்லை; அவனுக்கும் ஒன்பது நிமிடம் குறைந்துவிட்டது! இக்குறைவுக்குப் பங்கீடு காரணம் அன்று என்பது இதனால் தெளிவு.

சட்டம் இதில் தலையிட முடியுமா? மத்திய அரசு ஊழியரான தந்தைக்கு 1997 முதல் 15 நாள் விடுப்பு உண்டு. ஸ்வீடன் நாடு 1974-இலேயே மகப்பேற்று விடுப்பைப் பெற்றோர் இருவருக்கும் உரியதாக மாற்றியது. தந்தையர் அதைச் சிறிதே பயன்படுத்தினர். ஆகவே 1995-இல் ஒரு மாதத்தைத் தந்தைக்கென்றே ஒதுக்கி, அவர் எடுக்காவிட்டால் அது குடும்பத்துக்கு இல்லை என்று விதித்தார்கள். அதன் பிறகு எடுத்தார்கள். ஆடவர் மனம் திருந்தக் காத்திராமல் விதியைத் திருத்திய அந்நாட்டாரின் பொது அறிவு எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் விடுப்பு என்பதே மாதச் சம்பளக்காரரின் சொல். வள்ளத்துக்கும் வலைக்கும் விடுப்பு எழுதிக் கொடுப்பார் யார்? தடைக்காலத்து 61 நாட்களுக்கு அரசு ஏற்கெனவே நிவாரணத் தொகை கொடுக்கிறது. கடற்கரையின் தந்தையர் விடுப்பு ஒருவகையில் அங்கே ஆயத்தமாகவே இருக்கிறது. அதற்கு அந்தப் பெயரை இதுவரை யாரும் வைக்கவில்லை.

இந்தப் பேச்சுக்காகக் குறிப்பெடுத்தபோது நான் படித்த தொடக்கப்பள்ளிக்குச் சென்றேன். பழைய சேர்க்கைப் பதிவேடுகளைப் பார்க்க இசைவு கேட்டேன். தலைமையாசிரியர் அன்புடன் எடுத்துக் கொடுத்தார். ஓரங்கள் செல்லரித்திருந்தன. 1960-களின் பக்கங்களில் பெண் பிள்ளைகளின் பெயர்கள் நான்காம் வகுப்போடும் ஐந்தாம் வகுப்போடும் ஒவ்வொன்றாக நின்றுபோயிருந்தன. என் தமக்கையாரின் பெயரும் அங்கே இருந்தது. கணக்கில் அவர் வகுப்பிலேயே முதல்வர் என்று அன்னையார் சொல்லிக் கேட்டிருக்கிறேன். பள்ளியிலிருந்து நீங்கிய நாள் என்ற கட்டத்தில் 1968-ஆம் ஆண்டு ஆடி மாதத்துக்கு நேரான ஒரு தேதி. நீங்கியதற்குக் காரணம் என்ற கட்டத்தில் ‘குடும்பச் சூழ்நிலை’ என்று எழுதியிருந்தது. அப்போது நான் எட்டு மாதக் குழந்தை.